கைவரிக்கு என்ன விலை?

கருங்கல் ஊர்ச் சந்தையின் காலை இரைச்சலைக் கச்சேரியாகக் கேட்டு வளர்ந்தவரும், கடைக்காரர்களின் கண்ணீரையும் கணக்கையும் ஒரே சிரிப்போடு கேட்டுக்கொள்பவருமான வணிகர் சங்கத் தலைவர் ராஜமணி அண்ணாச்சி அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே! தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் விளிக்கும் வெண்கலக் குரலை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு வாய் திறக்காமல் வீற்றிருக்கும் டெல்சியின் அப்பா ததேயுஸ் ஐயா அவர்களே! பேச்சு நீண்டால் எழுந்துவிடலாம் என்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும், என் பெருமூச்சிலும் பெரிய மூச்சு விடக்கூடிய அன்புத் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் சுவரைத் தாங்கி நிற்கும் இளைஞர்களே! இந்த நாளின் தலைமகளான டெல்சியே, அவள் பக்கத்தில் புதுச்சட்டையின் விலைச்சீட்டைக் கழற்ற மறந்து அமர்ந்திருக்கும் அவள் கணவர் ஆன்ட்ரூஸ் அவர்களே! தடவாதீர்கள் ஆன்ட்ரூஸ், சீட்டெல்லாம் இல்லை, சும்மா சொன்னேன். உங்கள் அத்தனை பேருக்கும், பேக்கரி ராகேலின் மாவும் மணமும் கலந்த மாலை வணக்கம்!

இந்தத் திறப்பு விழாவில் வாழ்த்துரைக்கு என்னை ஏன் அழைத்தார்கள்? நான் வட்டாட்சியரா? வங்கி மேலாளரா? கல்லூரியில் படித்தபோது பேச்சுப் போட்டியில் ஒரு வெள்ளிக்கோப்பை வாங்கினேன். இன்று அந்தக் கோப்பையில் கல்லாவுக்கான சில்லறையைப் போட்டு வைத்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான். ஆனால் எனக்கு வேறொரு தகுதி உண்டு. டெல்சியும் ஆன்ட்ரூஸும் வாடகைக்கு எடுத்த மாடி அறைக்கு, என் பேக்கரியின் அடுப்படியை ஒட்டித்தான் படி ஏறுகிறது. மேலே ஒரு சொல் உயர்ந்தால் கீழே என் ரொட்டி சிவக்கும். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள் தாய்மார்களே, காதில் விழுந்தது! விழாமல் போனதை டெல்சியே இறங்கிவந்து சொன்னாள். இன்று நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆன்ட்ரூஸ், தலையை ஆட்டுங்கள். ஆட்டிவிட்டார். இனி அவர் நினைத்தாலும் என்னை நிறுத்த முடியாது.

முதலில் இவர்கள் தொழிலின் பெயர். கைவரி! காதுக்கு எவ்வளவு இனிமை! கையால் எழுதும் வரி, கண்ணால் காணும் பக்கம். டெல்சி யோசித்து யோசித்து வைத்த பெயர். பலகை மாட்டிய மறுநாளே, உரக்கடை கிருஷ்ணமணி அண்ணன் வீட்டு வரி ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டார்!

“பிள்ளே, எனக்க வீட்டுக்கு வரி கூடிப்போச்சு. கொஞ்சம் பாத்து கொறச்சுத் தருவியளா?”

“மாமா, இது அந்த வரி இல்ல. இது நாங்க எழுதுற வரி.”

“அய்யோ, எழுதுறதுக்கும் வரி போட்டாச்சா!”

சிரிக்கிறீர்களே, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் இவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று? முன்வரிசையில் ஒரு தாய் ‘கம்ப்யூட்டர்’ என்கிறார். கம்ப்யூட்டரில் என்னம்மா? அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்டால் ‘தீ’ என்று சொல்வதா? சொல்கிறேன், கேளுங்கள். இணையத்தில் ஒரு நிறுவனத்துக்குப் பக்கம் வேண்டும் என்றால், வடிவமைப்பாளர் ஒருவர் அதைப் படமாக வரைவார். இங்கே பெயர், அங்கே புகைப்படம், ஓரத்தில் தொலைபேசி எண். அழகாக இருக்கும். ஆனால் அது வெறும் படம்! அமுக்கினால் அசையாது, தட்டினால் திறக்காது. அந்தப் படத்தைப் பார்த்து, கணினிக்குப் புரியும் வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதி, உயிருள்ள இணையப் பக்கமாக மாற்றித் தருவதுதான் டெல்சியின் தொழில். வரைபவர் மெல்பர்னில் இருக்கலாம், மாற்றுபவர் கருங்கலில் இருக்கலாம். நடுவில் இருக்கும் கடல் ஒன்றும் சொல்லாது.

இதை எந்திரம் செய்யாதா என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி! செய்யும் தம்பி. அதற்கென்றே மென்பொருள் விற்கிறார்கள். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, நொடியில் நீட்டிவிடும். பார்த்தால் பக்கம் மாதிரியே இருக்கும். பிறகு என்ன ஆகும்? அந்தக் கதைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஆன்ட்ரூஸ் தண்ணீர் குடிக்கிறார் பாருங்கள், அவருக்குத் தெரியும் எந்தக் கதை என்று.

டெல்சி கணினி படித்தவள். திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தில் இதே வேலையைச் செய்தவள். தக்கலையில் பஸ் ஏறி, இருக்கை கிடைத்தால் தூங்கி, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்கிப் போய்வந்தவள். திருமணம் ஆனது. ஆன்ட்ரூஸ் அப்போது ஷார்ஜாவில் ஒரு பெரிய அறைகலன் கடையில் விற்பனையாளர். சோபா விற்பார், கட்டில் விற்பார், யாருமே வாங்காத வட்டமேசையையும் விற்பார். போன வருடம் அங்கே கட்டடங்கள் பாதியில் நின்றன. கட்டடம் இல்லாத இடத்தில் கட்டில் எதற்கு? ‘ஊருக்குப் போய் இருங்கள், கூப்பிடும்போது வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். வந்தார். விசா உயிரோடு இருந்தது, வேலைதான் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் டெல்சி சொன்னாள்: “நான் செய்யுத வேலைய நம்மளே எடுத்துச் செஞ்சா என்ன? நான் எழுதுதேன். நீங்க ஆளப் பிடிங்க. ஒங்களுக்குத்தான் விக்கத் தெரியுமே.”

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதைச் சொன்னதற்காக அவள் பிறகு எத்தனை முறை என் கடையில் வந்து தலையில் கை வைத்தாள்!

ஏனென்றால், விலை என்று ஒன்று வைக்க வேண்டுமே! எழுதத் தெரியும், விலை வைக்கத் தெரியாது டெல்சிக்கு. விலை வைக்கத் தெரியும், எழுதத் தெரியாது ஆன்ட்ரூஸுக்கு. ஆன்ட்ரூஸ் மாமனாரிடம் ஆலோசனை கேட்கத் தேங்காய்ப்பட்டணம் போனார். ஏலத்திலேயே வாழ்ந்தவர் அல்லவா ததேயுஸ் ஐயா? அவர் நெடுநேரம் யோசித்து ஒரு கேள்வி கேட்டார்.

“மாப்பிள, மீனுன்னா கண்ணப் பாத்து வெல சொல்லலாம். ஒங்க பக்கத்துக்கு கண்ணு எங்க இருக்கு?”

ஆன்ட்ரூஸ் இரண்டு பாறை மீனோடு வீடு வந்து சேர்ந்தார்.

பிறகு அவரே ஒரு விலைக்கொள்கை வகுத்தார். ஷார்ஜாவில் கற்ற கொள்கை. அடுத்த கடைக்காரன் என்ன சொல்கிறானோ அதில் பாதி சொல். வாடிக்கையாளர் யோசித்தால் இன்னும் கொஞ்சம் குறை. அப்போதும் யோசித்தால் கூடவே ஒன்று சும்மா கொடு! கட்டில் வாங்கினால் தலையணை இலவசம். பக்கம் வாங்கினால்? பக்கம் வாங்கினால் இன்னொரு பக்கம் இலவசம்! அன்பர்களே, தலையணை கிடங்கிலிருந்து வரும். பக்கம் எங்கிருந்து வரும்? டெல்சியின் விரலிலிருந்து வர வேண்டும்!

முதன்முதலில் விசாரித்தவர் மெல்பர்னில் இருக்கும் ஹெலன் என்ற வடிவமைப்பாளர். சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண்மணி. நல்ல கைவேலை வேண்டும், விலை என்ன என்று கேட்டு எழுதியிருந்தார். ஆன்ட்ரூஸ் மின்னஞ்சல் தட்டினார். பக்கத்துக்கு முப்பது டாலர், இரண்டாவது பக்கம் இலவசம், பண்டிகைக் காலத்தை முன்னிட்டு மூன்றாவதற்கும் சலுகை. என்ன பண்டிகை என்று கேட்காதீர்கள், அது ஆகஸ்ட் மாதம்.

ஹெலனின் பதில் மரியாதையாகத்தான் வந்தது. ‘இந்த விலைக்குக் கையால் எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் எந்திரத்தில் போட்டு எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது அதுவல்ல. நன்றி.’

டெல்சி அதைப் படித்த அன்று படியில் இறங்கிய வேகத்தில் என் பஃப்ஸ் தட்டே அதிர்ந்தது.

“ராகேலக்கா, நான் மெசினாம்! பாத்தியளா? நான் மெசினாம்!”

பின்னாலேயே ஆன்ட்ரூஸ். “ஏட்டி, அவளுக்கு வெல கூடுதல்னு தோணியிருக்கும். அதான் சாக்கு சொல்லுதா. இன்னும் கொஞ்சம் கொறச்சிருக்கணும்.”

“கொறச்சதுனாலதான் போனா!”

“வெல கொறஞ்சா யாராவது போவாங்களா? ராகேலக்கா, நீங்களே சொல்லுங்க. நீங்க பஃப்ஸ் வெலய கொறச்சா ஆளு வருமா, போவுமா?”

என்னை எதற்கு இழுக்கிறீர்கள் என்று நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கணவன் மனைவிக்கு நடுவில் பஃப்ஸ் வைப்பவள் புத்திசாலியா?

ஆன்ட்ரூஸ் தம் கொள்கையில் அசையவில்லை. விலை இறங்கியது. ஆள் வந்தது! வந்தது என்றால் எப்படி வந்தது? விலை குறைவு என்று வந்தவர்களுக்கு வேலை மட்டும் குறையவே இல்லை. ‘ஒரு சின்ன மாற்றம்’ என்பார்கள். நீலத்தைப் பச்சையாக்கு. பச்சை நன்றாக இல்லை, நீலமாக்கு. பழைய நீலம் இல்லை, என் மைத்துனர் வீட்டுக் கேட்டில் இருக்கும் நீலம்! ஆன்ட்ரூஸ் தொலைபேசியில் ‘ஓகே சார், ஃப்ரீ சார்’ என்பார். ஒவ்வொரு ‘ஃப்ரீ சார்’ சத்தத்துக்கும் மேலே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். டெல்சி மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டு எழுதினாள். பகலுணவுக்கு இறங்கி வருபவள் வருவதை விட்டாள். அறை நிறைய வேலை, ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சிரிப்பைக் காணோம். வியாபாரம் நடக்கிறதா என்று கேட்டால், நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று கேட்டால், நொண்டிக்கொண்டு!

அப்போதுதான் ஆலப்புழையிலிருந்து படகுவீட்டு முதலாளி ஒருவர் வந்து சேர்ந்தார். சுற்றுலாப் பயணிகளைக் காயல் நீரில் அழைத்துப்போகும் பெரிய படகுகள் அவருக்கு. பக்கத்தை அழகாக வரைந்தும் வைத்திருந்தார். மேலே காயல், காயலில் படகு, படகுக்கு மேலே முதலாளியின் சிரித்த முகம், ஓரத்தில் கட்டணம். அவசரம் என்றார். டெல்சி தேங்காய்ப்பட்டணத்தில் அக்காள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போயிருந்தாள். ஆன்ட்ரூஸ் தனியாக இருந்தார். யாரோ நண்பர் கொடுத்த மென்பொருள் சி.டி. மேசை இழுப்பறையில் இருந்தது.

ஆன்ட்ரூஸ், தலையைக் குனியாதீர்கள். எல்லோரும் உங்கள் பக்கம்தான்.

படத்தை உள்ளே போட்டார். எந்திரம் வெட்டியது, ஒட்டியது, நீட்டியது. ஆன்ட்ரூஸின் கணினியில் பார்த்தால் அச்சு அசல் அதே அழகு. அனுப்பிவிட்டார். முதலாளிக்கு மகிழ்ச்சி. மறுநாள் முதலாளியின் அலுவலகத்தில் யாரோ கட்டணப் பகுதியில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்த ஒரு வரிக்கு இடம் இல்லை. ஒட்டு விட்டது! கட்டணம் படகின் மேல் ஏறியது, படகு பக்கவாட்டில் சரிந்தது, மேலே சிரித்துக்கொண்டிருந்த முதலாளியின் முகம் நேராகக் கீழே இறங்கிக் காயலுக்குள் போய் உட்கார்ந்தது! வேறொரு கணினியில் பார்த்தால் மூக்குக்கு மேல் மட்டும் தெரிந்ததாம்!

தொலைபேசி வந்தது. நான் கீழே இருந்தே கேட்டேன், அவ்வளவு சத்தம்.

“ஆன்ட்ரூஸே! ஞான் வெள்ளத்திலாணு! ஞான் வெள்ளத்தில் கிடக்குந்நு!”

தண்ணீருக்குள் கிடக்கிறாராம்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் டெல்சி சிரிக்கவில்லை. மதியம் ஊரிலிருந்து வந்து அந்தப் பக்கத்தின் வரிகளைத் திறந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கேட்டாள்: “இது எனக்க எழுத்து இல்லையே. யாரு எழுதினது?”

ஆன்ட்ரூஸ் சொல்லிவிட்டார். மறைக்கவில்லை, அதை நான் இந்த மேடையில் சொல்லியே ஆக வேண்டும்.

அவள் சண்டை போடவில்லை. உட்கார்ந்தாள். முதலாளியின் பக்கத்தை முதல் வரியிலிருந்து கையால் எழுதினாள். எழுதி அனுப்பி, தொலைபேசியில் மன்னிப்பும் கேட்டாள். அதன் பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள்.

“கைவரின்னு பலகை எழுதி வச்சிருக்கோம். நம்மள மெசின்னு ஹெலன் சொன்னப்போ எனக்கு அழுக வந்துது. இன்னைக்கு அவ சொன்னது நெசமாயிட்டுதே, ஆன்ட்ரூஸ்.”

தாய்மார்களே, ‘என்னங்க’ என்றும் ‘இங்க பாருங்க’ என்றும் அழைக்கும் மனைவி பெயரைச் சொல்லி அழைத்தால், அன்று அந்த வீட்டில் என்ன நிலைமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அந்த வாரமே ஷார்ஜாவிலிருந்து அழைப்பு. கடையை மறுபடி திறக்கிறோம், வா என்று. ஆன்ட்ரூஸின் முகத்தில் மகிழ்ச்சியா? இல்லை. தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்த முகம். பெட்டியைத் துடைத்து வைத்தார். ‘நான் இருந்தா ஒனக்குத் தொல்லதான். நான் போறேன். பைசா அனுப்புதேன். நீ ஒனக்கு பிடிச்ச மாதிரி நடத்து’ என்றார். கேட்பதற்குப் பெருந்தன்மை மாதிரி இல்லையா? டெல்சிக்கு அப்படிக் கேட்கவில்லை.

“போணும்னா போங்க. நான் தடுக்கல. ஆனா வெக்கப்பட்டு ஓடாதீங்க. அந்த வெக்கம் விமானத்துல கூடவே வரும். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், ஒங்க கையால எழுதிட்டுப் போங்க.”

சோபா விற்றவரை எழுத உட்கார வைத்தாள்! தானே பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தாள். மனைவியிடம் பாடம் படிக்கும் கணவரை நான் அன்றுதான் பார்த்தேன். நாளுக்கு இரண்டு முறை தேநீர் கொண்டுபோகும் சாக்கில் நானே படியேறிப் பார்த்தேன், மறைப்பானேன்! அவள் ஒரு நாளில் முடிக்கும் பக்கத்துக்கு அவருக்கு ஒரு வாரம். பெயர் வைத்தால் படம் போகும். படம் வந்தால் பெயர் போகும். இரண்டும் வந்தால் பழைய கணினியில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

ஒரு நாள் இறங்கிவந்து என் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றார். பஃப்ஸைப் பார்க்கிறார், கேக்கைப் பார்க்கிறார், எதையும் கேட்கவில்லை.

“என்ன ஆன்ட்ரூஸ்?”

“ராகேலக்கா, ஒரு சின்னக் கோடு காணல.”

நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன்! எனக்கு என்ன தெரியும், ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அது எழுத்தில் வரும் சாய்கோடாம். அந்த ஒன்று விடுபட்டதால் முழுப் பக்கமும் சரிந்து கிடந்ததாம். காலையிலிருந்து தேடுகிறாராம். அன்று மாலை, ‘கிட்டிச்சு!’ என்று மேலே ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது.

பக்கம் முடிந்ததும் என்னை அழைத்துக் காட்டினார். இடதுபுறம் வரைந்த படம், வலதுபுறம் அவர் எழுதிய பக்கம். நான் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான்.

“எதை மாற்றினீர்கள் ஆன்ட்ரூஸ்? எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே?”

ஒரு வார உழைப்பைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டேன். அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு சிரித்தார். எனக்குத் தெரிந்து பல மாதங்களில் முதல் சிரிப்பு.

“அதான்க்கா வேலையே. ஒரு வித்தியாசமும் தெரியப்பிடாது.”

அன்பர்களே! அதுவரை அந்த மனிதர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கு விலை சொல்கிறோம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் நடந்த பேரத்தைக் கேளுங்கள். கருங்கல் சந்தையில் இத்தனை ஆண்டுகள் பேரம் பார்த்தவள் நான், இப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததே இல்லை!

“டெல்சி, பக்கத்துக்கு முந்நூறு டாலர்.”

“என்னது? யாரு வருவா? நூறு போதும்.”

“நூறா? ஒனக்க மணிக்கட்டுத் தைலத்துக்கு பத்துமா? இருநூத்தி அம்பது.”

“நூத்தி இருபது. மத்தவங்க என்ன வெல சொல்லுதாங்கன்னு நீங்களே பாத்திருக்கியளே!”

“மத்தவங்க மத்தவங்க. அந்த ஒரு சாய்கோட்டுக்கே அம்பது டாலர் கொடுக்கணும்!”

விற்பவர் இருவரும் தமக்குள்ளேயே பேரம் பேசுகிறார்கள்! கணவர் ஏற்றுகிறார், மனைவி இறக்குகிறார்! வாங்குபவரோ அந்தத் திசையிலேயே இல்லை! கடைசியில் நூற்றைம்பதில் வந்து நின்றார்கள். பக்கம் கையால் எழுதப்படும். எல்லாக் கணினியிலும் பார்த்துச் சரிசெய்யப்படும். திருத்தம் இவ்வளவுதான் சும்மா, அதற்கு மேல் தனிக் கட்டணம். வேறு இலவசம் எதுவும் இல்லை. இதை அப்படியே தங்கள் இணையத்தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டார்கள்.

போட்டதும் என்ன நடந்தது? கூட்டம் அலைமோதியதா? தொலைபேசி ஓயாமல் ஒலித்ததா? ஒன்றும் இல்லை! இருந்தவர்களும் போனார்கள். மைத்துனர் வீட்டு நீலக்காரர் முதலில் போனார். மேலே நாற்காலி நகரும் சத்தம் நின்றது. முன்பு அந்தச் சத்தம் எனக்குத் தொல்லையாக இருந்தது. இப்போது அது இல்லாமல் என் ரொட்டி வேகவில்லை. டெல்சி சாளரத்தருகே உட்கார்ந்து சாலையைப் பார்ப்பாள். ‘நூறுன்னே வச்சிருக்கலாமோக்கா’ என்பாள். ஒரு நாள் கேட்டாள், ‘அவங்கள ஷார்ஜாவுக்கே போவச் சொல்லட்டுமா? ரெண்டு பேரும் இஞ்ச சும்மா இருக்கதுக்கு?’ நான் ரொட்டித் தட்டைத் துடைக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

ஷார்ஜா பயணத்தை உறுதிசெய்ய வேண்டிய நாள் வந்தது. ஆன்ட்ரூஸ் தக்கலைக்குப் பஸ் ஏறினார், அங்கேதான் டிக்கெட் முகவர். டெல்சி அன்று முழுவதும் என் கடையிலேயே இருந்தாள். மேலே போக மனம் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு ரொட்டி பொதிந்து கொடுத்தாள். ஒருவருக்கும் மிச்சச் சில்லறை சரியாகக் கொடுக்கவில்லை, அது வேறு. மாலையில் ஆன்ட்ரூஸ் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் டிக்கெட் இல்லை.

“எடுக்கலையா?” என்றாள்.

“வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“ஏன்? ஒரு வேலையும் வரலியே!”

“வரல. வராமலும் போலாம்.” கண்ணாடிப் பெட்டியில் கையை ஊன்றினார். “அங்க நான் வித்தது எல்லாம் வேற யாரோ செஞ்சது. சோபாவுக்க உள்ள என்ன இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச பொறவு அங்க போய் நிக்க முடியாது, டெல்சி.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘ராகேலக்கா, இவங்களுக்கு ஒரு டீ’ என்றாள். நான் போட்ட தேநீரில் சர்க்கரை போட்டேனா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் டெல்சி ஹெலனுக்கு எழுதினாள். ‘நீங்கள் சொன்னது சரி, அந்த விலைக்குக் கையால் எழுத முடியாது. இப்போதுள்ள விலை இது. நான் எழுதிய ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன். திறந்து வரிகளைப் பாருங்கள்.’ அவ்வளவுதான். சலுகை இல்லை, பண்டிகை இல்லை. ஆன்ட்ரூஸ் ஒரு நன்றி கூடச் சேர்க்கச் சொன்னாராம். அதை மட்டும் சேர்த்தாளாம்.

பதில் உடனே வரவில்லை. வந்தபோது, விலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வேலைக்கு ஒரு பக்கம் இணைத்திருந்தார். அதன் பிறகு இன்னொன்று. பிறகு தன்னைப்போன்ற வேறு இருவரிடம் சொல்லி அனுப்பினார். ஊரை விலைக்கு வாங்கும் அளவுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், கடன் கேட்டுப் படியேறிவிடாதீர்கள். ஆனால் டெல்சி பகலுணவுக்கு இறங்கி வருகிறாள். வாடிக்கையாளர்களிடம் ஆன்ட்ரூஸ் பேசுகிறார், பேசி முடித்து எளிய பக்கங்களை அவரே எழுதவும் செய்கிறார். ஆலப்புழை முதலாளி? அவர் போகவே இல்லை! இந்த முறை புது விலை கொடுத்து, இரண்டாவது படகுக்கும் பக்கம் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனையாம்: முகப் படம் வேண்டாமாம்!

அதனால்தான் அன்பர்களே, சோதித்துப் பார்த்த காலம் முடிந்து, இன்று முறையாக, முழுமையாக, முகம் நிமிர்ந்து கைவரி திறக்கப்படுகிறது! இதோ இந்தப் பொத்தானை நான் அமுக்கினால் திரையில் அவர்கள் விலைப்பக்கம் விரியும் என்றார்கள். அமுக்கட்டுமா? அமுக்குகிறேன். ஆகா! பாருங்கள், பளிச்சென்று! பக்கத்துக்கு நூற்றைம்பது டாலர். நம் ஊர்க்காரர்களுக்கு ரூபாய்க் கணக்கில் அதே விலை. ஒளிவு இல்லை, ஓரத்தில் சின்ன எழுத்து இல்லை!

என்ன அண்ணாச்சி? தலைவர் ஏதோ சொல்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள், எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறேன். தலைவர் சொல்கிறார், வணிகர் சங்கத்துக்கும் ஓர் இணையப் பக்கம் வேண்டுமாம். அருமை! கைதட்டுங்கள்! பொறுங்கள், இன்னும் முடியவில்லை. சொந்த ஊர், சொந்தச் சங்கம், தலைமை தாங்கவும் வந்தாயிற்று, ஆகவே விலையில் ஏதாவது பார்த்துச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்!

அடடா! கிருஷ்ணமணி அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். ததேயுஸ் ஐயா முன்னால் சாய்ந்துவிட்டார், துறைமுகத்துக் காது அல்லவா? நான் பதில் சொல்ல மாட்டேன். டெல்சி, நீ ஏன் தரையைப் பார்க்கிறாய்? அவளும் சொல்ல மாட்டாள். எழும்புங்கள் ஆன்ட்ரூஸ். உங்களிடம்தான் கேட்கிறார். வட்டமேசை விற்ற வாய், ஆகஸ்டில் பண்டிகை கொண்டாடிய வாய், ‘ஃப்ரீ சார்’ சொல்லிப் பழகிய வாய்! திறங்கள்!

மைக் வேண்டாமா? சரி, அப்படியே சொல்லுங்கள்.

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லை என்றால் நான் சொல்கிறேன், அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாறாமல் சொல்கிறேன்!

“அண்ணாச்சி, வெல கொறையாது. வேல நல்லா இருக்கும்.”

இன்னும் தட்டுங்கள்! ஆலப்புழை வரை கேட்கட்டும்! தலைவரே சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறார், முழு விலைக்குச் சம்மதமாம்! டெல்சி இப்போதுதான் நிமிர்ந்தாள். ஆன்ட்ரூஸ், உட்காருங்கள், சொல்லி முடித்த பிறகு மைக்கைத் தேடுகிறீர்களே. பரவாயில்லை, முதல் முறை அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு நேரம் என் பேச்சுக்கு இடம் கொடுத்த தலைவருக்கும், பையை மடியிலிருந்து இறக்கி வைத்த தாய்மார்களுக்கும், சுவரை விட்டு நாற்காலிக்கு வந்துவிட்ட இளைஞர்களுக்கும், கதையெல்லாம் சொல்ல விட்டுப் பொறுத்துக்கொண்ட இந்த இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வெளியே தேநீரும் கேக்கும் வைத்திருக்கிறேன், வயிறார உண்டு, வாயார வாழ்த்திவிட்டுச் செல்லுங்கள். வாழ்க டெல்சி, வாழ்க ஆன்ட்ரூஸ், வளர்க கைவரி! வணக்கம்!